பொட்டு வைத்த பக்கங்கள்

ஆனி மாதம், சாரல் பிடித்த நான்காம் நாள், வியாழக்கிழமை, மாலை ஐந்தரை மணி. தென்காசியில் ஒரு வாடகை நூல் நிலையத்தின் முன்னறை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். யார் எங்கே இருந்தார், யார் முதலில் சிரித்தார், யார் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார் என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கிறது. அன்றைய மழை அளவுக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.

இருபத்தோராம் வயதிலிருந்து நோட்டு எழுதுகிறேன். மழை எவ்வளவு, ஐந்தருவியில் எத்தனை பிரிவில் தண்ணீர் விழுந்தது, எந்த அருவியில் எத்தனை மணிக்குக் குளிக்கத் தடை போட்டார்கள், அன்று எந்தப் புத்தகத்தில் எத்தனை பக்கம் படித்தேன். இவ்வளவுதான். பிழைப்புக்குப் பாவூர்சத்திரத்தில் ஒரு டிடிபி கடையில் வேலை. காய்கறி மண்டிகளுக்கு பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். போஸ்டரில் செத்தவரின் தேதி ஒரு நாள் தப்பினாலும் குடும்பமே கடைக்கு வந்து நிற்கும். தேதியை இரண்டு முறை பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கிருந்தே வந்திருக்க வேண்டும்.

நான் படிப்பது அறிவியல் புனைகதையும் மாயக்கதையும். அதிலும் ஆணை ஆண் விரும்புகிற, பெண்ணைப் பெண் விரும்புகிற, இரண்டிலும் அடங்காதவர்களும் சாதாரணமாக நடமாடுகிற கதைகளைத் தேடிப் படிப்பேன். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. எனக்கு நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, ஆகப்போவதும் இல்லை. வேறு கிரகத்தில், வேறு சூரியனுக்குக் கீழே நடந்தாலும் என்னைப் போல ஒருவன் ஊருக்கு நடுவே வீடு கட்டிக் குடியிருக்கிறான் என்று வாசிக்கும்போது முதுகு கொஞ்சம் நிமிரும். எங்கள் அண்ணன் போலீஸ். மாடியில் ஒற்றை அறையைக் கொடுத்துவிட்டு, மேலே ஏறி வராமல் இருக்கிறான். அவனால் முடிந்த மரியாதை அது.

இந்தப் புத்தகங்கள் புதிதாக வாங்கினால் ஒன்றின் விலையில் வீட்டுக்கு ஒரு மாதத்துப் பால் வாங்கலாம். தமிழில் இப்படிப்பட்டவை அநேகமாக இல்லை; இருப்பதை ஒரு மழைநாளில் முடித்துவிடலாம். வெளிநாட்டு இணைய இதழ்களில் சிறுகதைகள் இலவசமாகக் கிடைக்கும். மதியச் சாப்பாட்டு வேளையில், கடை முதலாளி வீட்டுக்குப் போனபிறகு, கல்யாணப் பத்திரிகைக்கு நடுவே ஒரு ஜன்னலைத் திறந்துவைத்து வாசிப்பேன். ஆனால் நாவல் என்பது வேறு. ஒரு மனிதனோடு முந்நூறு பக்கம் சேர்ந்து நடக்க வேண்டும் என்றால் கையில் புத்தகம் வேண்டும்.

புத்தகத்தைக் குற்றாலம் தந்தது. சீசனுக்கு வருகிறவர்கள் காட்டேஜில் துண்டை விட்டுப் போவார்கள், செருப்பை விட்டுப் போவார்கள், பாதி படித்த நாவலையும் விட்டுப் போவார்கள். பெங்களூரிலிருந்து, திருவனந்தபுரத்திலிருந்து வருகிற இளவட்டங்கள் விட்டுப் போகிறவற்றில் என் ரகம் நிறையவே இருக்கும். ஐந்தருவிப் பக்கம் ஒரு காட்டேஜில் அறை சுத்தம் செய்கிற ஒரு அக்கா இருந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், என்றாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். பழைய பேப்பர் கடையில் மூட்டை அவிழ்க்கும் இடத்தில் எங்களுக்குப் பழக்கமானது. அதன்பிறகு அட்டையில் ராக்கெட்டோ, வாளோ, ஒன்றுக்கு மேற்பட்ட நிலவோ இருந்தால் எனக்கென்று எடுத்து வைப்பார். நனைந்திருந்தால் தாளுக்குத் தாள் பேப்பர் கொடுத்து, ஃபேனுக்குக் கீழே மூன்று நாள் காயப்போடுவேன். உப்பிப்போன புத்தகங்கள்தான் என் அலமாரி முழுக்க.

சாரலுக்கு முந்தின வாரம் அவர் போன் செய்தார். ரெண்டு நெலா போட்ட அட்டையில் ஒரு புத்தகம் கிடைத்ததாகவும், எடுத்து வைப்பதற்குள் மேனேஜர் மூட்டையில் போட்டு நூல் நிலையத்துக்கு அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். அந்த நூல் நிலையமும் இங்கிலீஷ் நாவல்களை இப்படித்தான் சேர்க்கும். அந்த அக்கா காலையில் அங்கேயும் கூட்டிப் பெருக்குவதால் மூட்டை போய்ச் சேர்ந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. மறுநாளே போய் எடுத்துவந்தேன்.

கதை இது. ஒரு நீருலகம். இரண்டு நிலவும் ஒன்றாக உதிக்கிற நாட்களில் மட்டும்தான் தீவுக்குத் தீவு ஓடம் போகும். ஓர் ஓடக்காரன், அந்த உலகத்துக்கு வரைபடம் போட வந்த இன்னொருவன், இருவருக்கும் இடையே காதல். படம் முடிந்ததும் வரைபடக்காரன் ஊர் திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால் தேடி வந்து பிடித்துப் போவார்கள். முந்நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் கடைசிக் கோடு பாக்கி இருக்கிறது, ஓடக்காரன் விளக்கைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வருகிறான். பக்கத்தைப் புரட்டினால் பின்னட்டை.

பன்னிரண்டு தாள் இல்லை. முந்நூற்றுப் பத்தொன்பதிலிருந்து முந்நூற்று நாற்பத்திரண்டு வரை. தானாக உதிர்ந்ததல்ல, அடிக்கோல் வைத்து நேராகக் கிழித்திருந்தது.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நான் இளவயதில் படித்த கதைகளில் இப்படிப்பட்ட இரண்டு பேர் வந்தால் முடிவில் ஒருவன் கட்டாயம் செத்துப்போவான். விஷம், குண்டு, கடல், ஏதோ ஒன்று. வாசகன் அழுதுவிட்டு நல்லவனாகி வீட்டுக்குப் போகலாம். இருபது வருடம் அந்தச் சாவுகளைப் படித்தவன் நான். இந்த எழுத்தாளர் அப்படிச் செய்யமாட்டார் என்று முந்நூறு பக்கம் நம்பிக்கொண்டே வந்திருந்தேன். நம்பிக்கை சரியா தப்பா என்று சொல்லும் தாள்கள்தான் காணாமல் போயிருந்தன.

அதைக் கேட்கத்தான் அந்த வியாழக்கிழமை போனேன். நூல் நிலையக்காரர் எழுபதை நெருங்கியவர். வெள்ளை வேட்டி, நெற்றியில் அளந்துவைத்தாற்போல் திருநீறு. ஊரில் எல்லாருக்கும் அண்ணாச்சி. அவர் மறைக்கவே இல்லை.

“நாந்தான் எடுத்தேன் தம்பி. குடும்பத்துப் பிள்ளைக வந்துபோற எடம்லா. எந்தப் பொஸ்தகம் வந்தாலும் நான் ஒருக்கா பாத்துட்டுத்தான் அடுக்குவேன்.”

கதையின் முடிவு அந்தத் தாள்களில்தான் இருக்கிறது, படித்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றேன்.

“முடிவு தெரிஞ்சு என்ன செய்யப் போறீரு? ஆம்பளையும் ஆம்பளையும் சேந்து பிள்ளையா பெறப் போறானுவ?”

பெஞ்சு சிரித்தது. அது அடங்குவதற்குள் பெஞ்சிலிருந்த பூச்சிமருந்துக் கடைக்காரர் ஒருவர் கையிலிருந்த பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார்: “இவரு ஏன் இன்னும் கல்யாணம் முடிக்கலன்னு நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன் வே. அந்தப் பக்கத்தைல்லா தேடிக்கிட்டு இருந்திருக்காரு.”

இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பைவிட நீளம். நான் புத்தகத்தை மேஜையில் வைத்தேன், குடையை எடுத்தேன், நடந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை குடையை விரிக்கவில்லை என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது.

புத்தகத்தை வேறு எங்காவது வாங்கியிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு மாதம் டீயை விட்டால் முடிந்திருக்கும். ஆனால் அது வாசிப்பு ஆகும், பழி ஆகாது. அவர் கிழித்த தாளையே, அவர் மேஜையிலேயே, அந்த ஏழு பேர் காது கேட்க வாசிக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எப்படி என்று மட்டும் தெரியவில்லை. தாள்கள் அடுப்புக்குப் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்த்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“அவரு எங்க எரிக்கப் போறாரு? எழுத்து இருக்குல்லா அண்ணே. எழுத்துன்னா சரஸ்வதி. பேப்பர் கால்ல பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடுத ஆளு. கிழிச்சது பூரா செவப்புத் துணியில கட்டி பரண்ல வச்சிருக்காரு. தூசி தட்டுதது நாந்தான்.” பிறகு, “சரஸ்வதி பூசைக்கு எல்லாப் பொஸ்தகத்தோடயும் அதையும் எறக்கி வச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, சாம்பிராணி போடுவாரு” என்றார்.

ஆபாசம் என்று கிழிப்பார், எழுத்து என்று கும்பிடுவார். இப்படி ஒரு தவறை எங்கள் ஊர்க்காரரைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது.

“அப்படி என்ன கதை அது?” என்று கேட்டார். யாருக்கும் நான் அதுவரை என் புத்தகங்களின் கதையைச் சொன்னதில்லை. காட்டேஜ் பின்வாசலில், காயாத பெட்ஷீட்டுகளுக்கு நடுவே நின்று முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கத்தையும் சொன்னேன். இரண்டு பேரும் ஆண்கள் என்ற இடத்தில் அவர் கண் ஒரு நொடி என் முகத்தில் நின்றது. பிறகு, “சொல்லுங்க” என்றார். அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்கும் முதல் கேள்வி, “அந்த ஓடக்காரன் என்ன ஆனான்?” தெரியாது என்பேன். “என்ன பொழப்பு இது, அந்தரத்துல விட்டுட்டு” என்று சலித்துக்கொள்வார்.

அந்த நூல் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. சரஸ்வதி பூஜைக்கு அடுக்கில் வைத்த புத்தகங்களை விஜயதசமி காலையில் எடுப்பார்கள். செங்கோட்டைப் பக்கத்து ஆட்கள் பூஜை எடுப்பு என்று சொல்வதையே இங்கேயும் சொல்வார்கள். எடுத்ததும் சில வரிகளாவது வாய்விட்டு வாசித்தால்தான் அந்த வருடம் படிப்பு வரும். அந்த வருடத்தில் அதிகப் புத்தகம் எடுத்த உறுப்பினருக்குத்தான் முதல் எடுப்பு. அடுக்கில் எதில் வேண்டுமானாலும் கை வைக்கலாம். அவர் வாசித்து முடித்துக் கீழே வைக்கும்வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது, எழுந்து போகக்கூடாது. அண்ணாச்சி தாமே ஏற்படுத்திய சட்டம் இது. வருடாவருடம் வாட்ஸ்அப் குழுவில் போட்டு நினைவுபடுத்துவார்.

ஐந்து வருடமாக முதல் எடுப்பு ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கே போய்க்கொண்டிருந்தது. துப்பறியும் நாவல்களாக எடுப்பார். அந்த வியாழக்கிழமை பெஞ்சில் கடைசியாக உட்கார்ந்திருந்து, சிரித்ததில் மிகவும் குறைவாகச் சிரித்தவர். அதையும் குறித்திருக்கிறேன், குறைவு என்பதற்காக விட்டுவிடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நூல் நிலையத்துக்குத் திரும்பிப் போனேன். அண்ணாச்சி என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்; திருந்திவிட்டேன் என்று நினைத்திருப்பார். ஒரு நாளைக்கு இரண்டு புத்தகம் எடுக்கலாம். தினமும் இரண்டு எடுத்தேன். பாவூர்சத்திரத்திலிருந்து பஸ்ஸில் வந்து, எடுத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் கீழப்பாவூர் வீட்டுக்கு. அருவியில் தடை போட்ட நாளிலும் வந்தேன், காய்ச்சல் நாளிலும் வந்தேன். சமையல் குறிப்பு, நாடி சோதிடம், மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதுவது எப்படி, எதையும் விடவில்லை. படிக்காமல் எடுத்தால் கணக்கில் வராது என்று அவர் சட்டத்தில் இல்லை. ஆனாலும் எல்லாவற்றையும் படித்தேன். அப்படி மனு எழுதத் தெரிந்துகொண்டது தனி.

படிக்கப் படிக்க இன்னொன்று தெரிந்தது. நம் ஓடக்காரன் தனியாள் இல்லை. இங்கிலீஷ் அலமாரியில் எட்டுப் புத்தகங்களில் அடிக்கோல் வைத்துக் கிழித்த விளிம்பு இருந்தது. டிராகனைக் காவல் காக்கும் இரண்டு பெண்கள், ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல் அரியணை ஏறுகிற ஒருவர், விண்கலத்தில் சமையல்காரனும் வைத்தியனும். எல்லாமே சீசன்காரர்கள் விட்டுப் போனவை. கொலை நடக்கிற பக்கம் ஒன்றுகூடக் கிழியவில்லை. தபால்காரரின் நாவல்களில் பெண்களைக் கழுத்தை நெரித்துக் குளத்தில் போடுகிறார்கள், பக்கம் முழுசாக இருக்கிறது. ஒன்பது புத்தகத்திலும் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை இல்லை என்று தனிப்பட்டியல் போட்டேன். கோபத்துக்கு என் கையெழுத்து கெடுவது அந்தப் பட்டியலில் மட்டும்தான்.

ஆடி போயிற்று. ஆவணியில் பதிவேட்டை எட்டிப் பார்த்தேன், தபால்காரர் பதினொன்று முன்னால் இருந்தார். புரட்டாசி இரண்டாம் வாரம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். நான் மகிழ்ந்தேன். நல்ல மகிழ்ச்சி இல்லைதான், ஆனால் மகிழ்ந்தேன்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் மாலை வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. முதல் எடுப்பு எனக்கு. அண்ணாச்சி என் பெயருக்கு முன்னால் ‘வாசக மாமணி’ என்று ஒரு பட்டமும் சேர்த்திருந்தார். பூச்சிமருந்துக் கடைக்காரர் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்.

விஜயதசமி காலை எட்டே காலுக்குப் போனேன். நாற்பது பேர் இருப்பார்கள், பாதி குடும்பத்தோடு; பெஞ்சில் சிரித்த ஏழு பேரும் இருந்தார்கள். ஒரு தட்டில் அரிசி பரப்பிச் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். சுவரோரம் மரப்பலகை மேல் புத்தக அடுக்கு, அதன் உச்சியில் சரஸ்வதி படம், கீழே இடது பக்கம் சிவப்புத் துணி மூட்டை. முடிச்சின் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம். அக்கா வாசலுக்குப் பக்கத்தில் சுண்டல் பாத்திரத்தோடு நின்றார். என் கண்ணைப் பார்த்துவிட்டு மூட்டையைப் பார்த்தார்.

அண்ணாச்சி ஒரு கனமான பழைய இலக்கண நூலை எனக்காக முன்னால் இழுத்து வைத்திருந்தார். நான் குனிந்து மூட்டையைத் தொட்டேன். அது என்னவென்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு மட்டும் தெரிந்தது.

“தம்பி, அது வேண்டாம்.”

“அடுக்குலதான இருக்கு அண்ணாச்சி.”

முடிச்சை அவிழ்த்தேன். ஒன்பது கட்டு, ஒவ்வொன்றும் நூல் போட்டுக் கட்டியிருந்தது. ஒவ்வொரு கட்டின் மேல்தாளிலும் சிவப்புப் பென்சிலால் புத்தக எண், கிழித்த தேதி. அவரும் என்னைப் போலத் தேதி எழுதுகிறவர் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. பழைய கட்டுகளில் நான்கு வருடத்துப் பொட்டு ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்திருந்தது. மேலே இருந்தது, இந்த வருடத்துக் கட்டு. ஒரே ஒரு பொட்டு. முந்நூற்றுப் பத்தொன்பது.

இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் அதே வரி என்று வாசிக்கத் தொடங்கினேன். எனக்கே அது முதல் வாசிப்பு. அடுத்த வரியில் யார் சாகப் போகிறார்கள் என்று தெரியாமல்தான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓடக்காரன் விளக்கைக் கீழே வைத்தான். வரைபடக்காரனின் மை பட்ட கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டான். பிறகு முத்தமிட்டான். அந்த வரியை மற்ற வரிகளைவிட நிதானமாகச் சொன்னேன். பூச்சிமருந்துக் கடைக்காரரைப் பார்த்துச் சொன்னேன்.

அண்ணாச்சி எழுந்தார். “போதும் வே. பொம்பளைக, பிள்ளைக இருக்காவ. கீழ வையும் அதை.”

பதில் எனக்கு முன்பே வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்த தபால்காரர், தலையைத் திருப்பாமலே, “எடுப்பு நடக்கையில குறுக்க பேசப்பிடாது அண்ணாச்சி. உம்ம சட்டம்தான” என்றார்.

அப்போதுதான் நான் மேல்தாளைத் திருப்பி எல்லாருக்கும் தெரியும்படி பிடித்தேன். நாக்கு நுனியில் மூன்றரை மாதமாக எத்தனையோ வாக்கியங்களை வைத்திருந்தேன். சின்ன வாக்கியம்தான் வந்தது.

“பொட்டு நீங்க வச்சதுதான் அண்ணாச்சி.”

அவர் உட்கார்ந்தார். திருநீற்றுக்கு மேல் வியர்வை முத்து முத்தாக நின்றது. அதைப் பார்ப்பதற்காகவே ஒரு பக்கத்தை இரண்டாவது முறை வாசித்தேன்.

பன்னிரண்டு தாளையும் வாசித்தேன். ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். வரைபடக்காரன் கடைசிக் கோட்டைப் போடவே இல்லை. படம் முடியாவிட்டால் ஊர் திரும்பத் தேவையில்லை என்பது சட்டம். அவனும் வருடாவருடம், வேலை இன்னும் பாக்கி என்று எழுதி அனுப்புகிறான். வருடங்கள் போகின்றன. முந்நூற்று முப்பத்தொன்பதில் புயல் வந்தது. கொல்லப் போகிறார்கள், எல்லாக் கதையையும் போலத்தான் இதுவும், இத்தனை பேர் நடுவே நானே அதை வாசிக்கப் போகிறேன் என்று நினைத்தேன். தாளைத் திருப்பக் கை போகவில்லை.

வாசலிலிருந்து அக்கா கேட்டார்: “பொறவு?”

திருப்பினேன். புயல் ஓடத்தைக் கொண்டுபோனது, ஆட்களை விட்டுவிட்டது. கடைசிப் பக்கத்தில் இருவரும் கிழவர்கள். வெளியே இரண்டு நிலவு. உள்ளே மீன் குழம்பில் உப்பு கூடிப்போயிற்று என்று ஒருவரை ஒருவர் வைதுகொண்டிருக்கிறார்கள். மூலத்தில் குழம்பு இல்லை, வேறு ஏதோ. நான் குழம்பு என்றே சொன்னேன். அதோடு கதை முடிந்தது.

“எங்க வீட்டுச் சண்டை மாதிரில்லா இருக்கு” என்றார் அக்கா. பெண்கள் பக்கம் சிரித்தார்கள். அதே அறை, ஆனி மாதத்துச் சிரிப்பு மாதிரி இல்லை. நான் கட்டைத் திரும்ப நூல் போட்டுக் கட்டினேன். கையில் சந்தனம் ஒட்டியிருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. எல்லாரும் சுண்டலை வாங்கும்போது என் பட்டியலை எடுத்து அண்ணாச்சியின் மேஜையில் விரித்தேன். ஒன்பது புத்தகம், பக்க எண் முதற்கொண்டு. எல்லாவற்றையும் நானே ஒட்டித் தருகிறேன், இன்று மாலையிலிருந்தே என்றேன். தபால்காரர் அதை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். அண்ணாச்சி இல்லை என்று சொல்வதற்குள் அவர், “ஒட்டட்டும். நூல் நிலையம்னா பொஸ்தகம் முழுசா இருக்கணும்லா” என்று சொல்லிவிட்டார்.

ஒன்பது மாலை போனேன். மைதாப் பசை காய்ச்சித் தருவது அண்ணாச்சி வேலை என்று வைத்துக்கொண்டேன். கேட்டேன், மறுக்க முடியாமல் காய்ச்சினார். முதல் நாள் கட்டி தட்டியது. மறுபடி காய்ச்சச் சொன்னேன். எதிரே உட்கார வைத்து, தாள் தாளாகக் காட்டி ஒட்டினேன். மூன்றாம் நாள் தாழ்ந்த குரலில், ஆயுள் முழுக்கச் சந்தா இல்லாமல் எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். என் சந்தாவை நானே கட்டுகிறேன் என்றேன்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு சீட்டு அச்சடித்து முன்னட்டைக்குள் ஒட்டினேன். இந்தப் பக்கங்கள் இன்ன தேதியில் இந்நூல் நிலைய உரிமையாளரால் கிழிக்கப்பட்டன, இன்ன வருடம் முதல் இன்ன வருடம் வரை பூஜையில் வைக்கப்பட்டன, இன்ன தேதியில் மீண்டும் ஒட்டப்பட்டன. அவருடைய சிவப்புப் பென்சில் தேதிகள் எனக்கு மிகவும் உதவின. உரிமையாளர் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். தடித்த எழுத்துக்கு மாற்றினேன். அதோடு, கிழித்த பக்கங்கள் எல்லாவற்றையும் மதிய வேளைகளில் தமிழில் தட்டச்சு செய்து, அந்தந்தப் புத்தகத்தின் பின்னால் தைத்து வைத்தேன். இங்கிலீஷ் தெரியாதவர்களிடமிருந்து மறைக்க அவருக்கு இனி ஒன்றுமில்லை.

கார்த்திகை இரண்டாம் செவ்வாய், பதிவேட்டில் பார்த்தேன். ரெண்டு நெலா புத்தகம் வெளியே போயிருந்தது. எடுத்தவர் பூச்சிமருந்துக் கடைக்காரர். தினத்தாளில் பொதிந்து கொண்டுபோனார் என்று அக்கா சொன்னார். நான் தினமும் மாலை போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் நாள், ஞாயிறு, ஐந்து நாற்பதுக்கு அவர் வந்தார். பெஞ்சில் என்னோடு மீதி ஆறு பேரும் இருந்தார்கள். புத்தகத்தை மேஜையில் தலைகீழாக வைத்துவிட்டுத் திரும்பினார்.

“முடிவு தெரிஞ்சுதா?” என்று அவரிடம் கேட்டேன். எல்லாருக்கும் கேட்கும்படிதான் கேட்டேன்.

அவர் வாசலைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். “தெரிஞ்சுது வே” என்றார்.

“என்ன செய்யுதானுவ?”

யாரும் பேப்பரைப் புரட்டவில்லை.

“சேந்து இருக்கானுவ” என்றார். அவ்வளவுதான். இறங்கி மழையில் போனார்.

பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து, நேரத்தை எழுதி, சிரித்த ஏழில் ஒன்று என்று குறித்துக்கொண்டேன்.